மோடம் டயல் செய்தால் மவுஸ் உறைகிறது: காம் 1, காம் 3, ஒரே ஐஆர்க்யூ 4

கேள்வி, பிப்ரவரி 3, காலை

என்னிடம் விண்டோஸ் 95 ஓடும் பெண்டியம் 133 கணினி ஒன்று இருக்கிறது. தொலைவில் உள்ள பதிவுக்கருவியிலிருந்து தொலைபேசி இணைப்பு வழியாக இரவுதோறும் அளவீடுகளை வாங்கிச் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அந்த மென்பொருள் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது. வேறு எதிலும் ஓடாது என்பதால் கணினியை மாற்றவும் வழியில்லை. காம் 1 என்ற சீரியல் போர்ட்டில் மவுஸ், உள்ளே ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில் 33.6 மோடம் கார்டு, பக்கத்தில் பிசிஐ என்ற புதிய வகை ஸ்லாட்டில் ஒரு நெட்வொர்க் கார்டு. மோடத்தின் ஜம்பர்கள், அதாவது கார்டில் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் சிறு செருகிகள், காம் 3, ஐஆர்க்யூ 4 என்று இருக்கின்றன. டயல் செய்யத் தொடங்கியதும் மவுஸ் அம்புக்குறி அப்படியே நின்றுவிடுகிறது. சில நாட்களில் மோடமும் பதில் தருவதில்லை. விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரோ இரண்டும் சரியாக இயங்குகின்றன என்கிறது. சென்ற மாதம் வரை ஒழுங்காக ஓடியது. இடையில் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மோடம் செத்துவிட்டதா? கோப்புகளின் தேதிகூட இப்போது தாறுமாறாகப் பதிவாகிறது, ஆனால் அது வேறு சிக்கல்.

பதில், பிப்ரவரி 3, இரவு

மோடம் சாகவில்லை. செத்த மோடத்தால் மவுஸை நிறுத்த முடியாது.

பழைய கணினிகளில் ஒவ்வொரு சீரியல் போர்ட்டுக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, செயலி அதனோடு பேசப் பயன்படுத்தும் முகவரி. மற்றது, போர்ட் செயலியைத் தட்டி எழுப்பப் பயன்படுத்தும் குறுக்கீட்டுக் கம்பி, அதாவது ஐஆர்க்யூ. காம் 1-க்கு முகவரி 3எஃப்8 (இவை பதினாறடிமான எண்கள்), ஐஆர்க்யூ 4. காம் 2-க்கு 2எஃப்8, ஐஆர்க்யூ 3. காம் 3-க்கு 3ஈ8, மீண்டும் ஐஆர்க்யூ 4. காம் 4-க்கு 2ஈ8, மீண்டும் ஐஆர்க்யூ 3. முகவரிகள் நான்கு, கம்பிகளோ இரண்டுதான். உங்கள் மவுஸும் மோடமும் ஒரே கம்பியில் தொங்குகின்றன.

டிவைஸ் மேனேஜரின் சான்றிதழை நம்ப வேண்டாம். அது தன்னிடம் சொல்லப்பட்டதைத்தான் திருப்பிச் சொல்லும். ஜம்பரை அது பார்ப்பதில்லை. மேலே உள்ள கம்ப்யூட்டர் என்ற வரியை இரட்டைச் சொடுக்குச் செய்தால் ஐஆர்க்யூ வாரியாகப் பட்டியல் வரும். அதைத் தாளில் எழுதிக்கொண்டு, மூடியைத் திறந்து கார்டில் உள்ள ஜம்பர்களோடு ஒப்பிடுங்கள். இரண்டும் மாறுபட்டால் ஜம்பர் சொல்வதே உண்மை.

இப்போதைக்கு மோடத்தைக் காம் 4, ஐஆர்க்யூ 3 என்று மாற்றிப் பாருங்கள்.

பிப்ரவரி 4, காலை

ஒரே கம்பியில் இரண்டு போர்ட்கள் இருந்தால் கணினி எழும்பியவுடனேயே தகராறு தொடங்க வேண்டாமா, டயல் செய்யும் வரை ஏன் எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி. இதற்கான விடை எனக்கே பல ஆண்டுகள் தெரியாமல் இருந்தது.

சீரியல் சிப்பில் மோடம் கட்டுப்பாட்டுப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. போர்ட்டின் அடிப்படை முகவரியோடு 4-ஐக் கூட்டினால் அதன் இடம் வரும். அதில் 8 என்ற மதிப்புள்ள பிட்டுக்கு அவுட் 2 என்று பெயர். சிப்பைத் தயாரித்தவர்கள் அதைப் பொதுப் பயன்பாட்டுக்கென்று விட்டிருந்தார்கள். ஐபிஎம் பிசியை வடிவமைத்தவர்கள் அதையே குறுக்கீட்டுக் கம்பியின் வாசற்கதவாக ஆக்கிவிட்டார்கள். அந்த பிட் 0 ஆக இருக்கும் வரை போர்ட் கம்பியிலிருந்து தன்னை விலக்கிக்கொண்டு கிடக்கும். ஏதாவது ஒரு நிரல் போர்ட்டைத் திறந்து அந்த பிட்டை 1 ஆக்கிய பிறகே அது கம்பியைப் பிடிக்கும். ஆகவே காம் 1-உம் காம் 3-உம் ஒரே நேரத்தில் திறக்கப்படாத வரை, ஒரே ஐஆர்க்யூவில் எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் குடியிருக்கலாம். மவுஸ் மட்டும் எப்போதும் திறந்தே இருக்கும் சாதனம். நீங்கள் டயல் செய்த நொடியில் மோடமும் கம்பியைப் பிடிக்கிறது. ஒரு கார்டு கம்பியை உயர்த்த முயலும்போது சும்மா இருக்கும் மற்றொரு கார்டு அதைக் கீழேயே அழுத்தி வைத்திருப்பதால், குறுக்கீடு செயலியைச் சென்றடைவதே இல்லை.

ஐஎஸ்ஏ முறை குறுக்கீட்டை விளிம்பு பார்த்து அறிகிறது: கம்பி தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏறும் அந்தக் கணம்தான் அதற்குக் கணக்கு. அதைத் தவறவிட்டால் மறுபடி கேட்காது. பிசிஐ கார்டுகள் நிலை பார்த்து அறியும் முறையைப் பின்பற்றுவதால் தங்களுக்குள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஐஎஸ்ஏவுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

பிப்ரவரி 4, பிற்பகல்

நிறுத்துங்கள். காம் 4 வேண்டாம். நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். உங்கள் கணினியில் என்ன டிஸ்ப்ளே கார்டு இருக்கிறது என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

எஸ்3 சிப் என்கிறீர்கள். அதைத்தான் அஞ்சினேன்.

1987-இல் ஐபிஎம் 8514/ஏ என்ற டிஸ்ப்ளே கார்டைக் கொண்டுவந்தது. அதன் பதிவேடுகள் 42ஈ8, 82ஈ8, 92ஈ8 போன்ற முகவரிகளில் இருந்தன; எஸ்3 உள்ளிட்ட பின்னாளைய சிப்கள் பலவும் அதே முகவரிகளை ஏற்றுக்கொண்டன. பார்வைக்கு இவை 2ஈ8-இலிருந்து வெகு தொலைவில் இருக்கின்றன. ஆனால் பழைய சீரியல் கார்டுகள் முகவரியின் கடைசி 10 பிட்களை மட்டுமே படித்தன. 82ஈ8-இன் கடைசி 10 பிட்களைப் பிரித்து எழுதிப் பாருங்கள், 2ஈ8 வரும். 42ஈ8-க்கும் அதே விடைதான். திரைக்குப் போகும் கட்டளை ஒவ்வொன்றையும் காம் 4-இல் உள்ள மோடம் தனக்கு வந்த கடிதமாக எண்ணிப் பிரித்துப் படிக்கும்.

இதை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். இணைப்பில் இருக்கும்போது சாளரம் ஒன்றை இழுத்து நகர்த்தினால் வரி அறுந்துவிடும். நகர்த்தாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மணிக்கணக்கில் நிற்கும். தொலைபேசிக் கேபிளில் பழுது என்று முடிவுகட்டி மூன்று கேபிள்களை மாற்றினேன். மூன்றும் நல்ல கேபிள்கள்தாம்.

பிப்ரவரி 5

மோடத்தைக் காம் 3-இலேயே விட்டுவிட்டு ஐஆர்க்யூவை மட்டும் 5-க்கு மாற்றலாமே என்று நீங்கள் சொல்வது நல்ல யோசனைதான்; ஒலி அட்டையோ இரண்டாவது பிரிண்டர் போர்ட்டோ இல்லாத கணினியில் 5 பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கார்டில் 5-க்கான ஜம்பர் இருக்க வேண்டும். மென்பொருளும் 5-ஐ ஏற்க வேண்டும். விண்டோஸ் ஏற்கும், டிவைஸ் மேனேஜரில் தானியங்கி அமைப்பு என்ற குறியை எடுத்துவிட்டுக் கையால் மாற்றலாம். உங்கள் டாஸ் மென்பொருளின் அமைப்புத் திரையில் போர்ட்டைத் தேர்ந்தெடுக்க மட்டுமே இடமிருக்கிறது, ஐஆர்க்யூ என்ற சொல்லே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது 3, 4 என்ற வழக்கமான எண்களை உள்ளேயே பொதிந்து வைத்திருக்கிறது. எனவே இந்த வழி அடைபட்டது.

மிஞ்சுவது காம் 2. மதர்போர்டிலேயே ஒரு காம் 2 இருக்கிறது. அதை நீங்கள் பயன்படுத்துவதில்லை. கணினி எழும்பும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரலின் அமைப்புத் திரைக்குள் போய், உள்ளமைந்த துணைச்சாதனங்களுக்கான பக்கத்தில் இரண்டாவது சீரியல் போர்ட்டை முற்றிலும் முடக்குங்கள். பிறகு மோடம் ஜம்பர்களைக் காம் 2, ஐஆர்க்யூ 3 என்று வையுங்கள். ஆட்டோ என்று விடாதீர்கள். ஆட்டோ என்றால், 2எஃப்8-இல் வேறு யாரோ இருப்பதைப் பார்த்த பயாஸ் தன் போர்ட்டை முடக்காமல் வேறொரு முகவரிக்குக் குடிபெயர்த்துவிடும். அது எந்த முகவரி என்று உங்களிடம் சொல்லாது. அதே பக்கத்தில் அகச்சிவப்புக் கதிருக்கென்று ஒரு வரி இருந்தால் அதுவும் இரண்டாவது போர்ட்டின் இன்னொரு வேடம்தான்.

பிப்ரவரி 6, இரவு

மவுஸ் இப்போது உறைவதில்லை, ஆனால் மோடம் வாயே திறப்பதில்லை என்கிறீர்கள். பாதி வெற்றி. முகவரி தவறா, கம்பி தவறா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது.

விண்டோஸைத் தொடாமல் நேரடியாக டாஸுக்குள் எழும்பி, எக்கோ கட்டளையால் ஏடிஎக்ஸ்0டிடி1 என்ற சொல்லை, அதாவது 1 என்ற எண்ணை டயல் செய்யச் சொல்லும் மோடம் கட்டளையைக், காம் 2-க்குத் திருப்பிவிடுங்கள். டாஸ் இந்தச் சொல்லைப் பயாஸ் வழியாக அனுப்புகிறது. பயாஸ் குறுக்கீட்டுக்குக் காத்திருப்பதில்லை, சிப்பைத் திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளுகிறது. எனவே ஐஆர்க்யூ முழுக்கத் தவறாக இருந்தாலும், முகவரி சரியென்றால் மோடம் வரியை எடுத்து ஒரு டயல் ஒலி எழுப்பும். பிறகு ஏடிஎச் அனுப்பினால் வரியை வைத்துவிடும்.

பிப்ரவரி 7, காலை

ஒலி கேட்டது என்கிறீர்கள். முகவரி சரி. அப்படியானால் ஐஆர்க்யூ 3-ஐ வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 7, மாலை

கணினி எழும்பும்போது விண்டோஸ் படம் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு கட்டம் போட்ட திரை மின்னி மறையும். பாஸ் விசையை அழுத்தி அதை நிறுத்துங்கள். மேலே சீரியல் போர்ட்களின் முகவரிகளும், கீழே பிசிஐ சாதனங்களும் அவற்றுக்கு ஒதுக்கப்பட்ட ஐஆர்க்யூக்களும் இருக்கும். நெட்வொர்க் கார்டின் வரியில் 3 என்று இருக்கும் என்று நினைக்கிறேன்.

நடந்தது இதுதான். மதர்போர்டின் காம் 2-ஐ நீங்கள் முடக்கியதும் ஐஆர்க்யூ 3 காலியாகிவிட்டதாகப் பயாஸ் கணக்கிட்டது. ஜம்பரால் அமைக்கப்படும் ஐஎஸ்ஏ மோடம் தனக்கு எந்தக் கம்பி வேண்டும் என்று வாய்திறந்து சொல்லக்கூடியதன்று. ஆகவே பயாஸ் அந்தக் கம்பியைத் தூக்கிப் பிசிஐ கார்டுக்குக் கொடுத்துவிட்டது. செருகிய கார்டுக்குக் கணினியே அமைப்புகளை ஒதுக்கும் பிளக் அண்ட் பிளே முறை வந்த புதிதில் இதை நக்கலாகப் பிளக் அண்ட் பிரே, செருகிவிட்டுக் கும்பிடு, என்பார்கள்.

பிசிஐ அமைப்புக்கான பயாஸ் பக்கத்தில் ஒவ்வோர் ஐஆர்க்யூவுக்கும் எதிரே லெகசி ஐஎஸ்ஏ (ஜம்பர் வைத்த பழைய கார்டுக்கு) என்றோ பிசிஐ/ஐஎஸ்ஏ பிஎன்பி (பிளக் அண்ட் பிளே கார்டுக்கு) என்றோ இருக்கும். 3-க்கு எதிரே லெகசி ஐஎஸ்ஏ என்று வையுங்கள். அருகில் ரீசெட் கான்ஃபிகரேஷன் டேட்டா என்ற வரி இருந்தால் அதையும் ஒருமுறை இயக்குங்கள். இல்லாவிட்டால் பழைய ஒதுக்கீட்டையே பயாஸ் நினைவில் வைத்திருக்கக்கூடும்.

பிப்ரவரி 8

வரியில் 3 தான் இருந்தது, மாற்றியதும் மோடம் பேசிவிட்டது என்ற செய்தி கண்டேன். மகிழ்ச்சி. ஆனால் டிவைஸ் மேனேஜரில் இப்போது இரண்டு மோடங்கள் தெரிவதாகவும் அவற்றில் ஒன்றின் மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது காம் 3-இல் இருந்த மோடத்தின் ஆவி. விண்டோஸின் அடிப்படை நிலையான சேஃப் மோடில் எழும்பினால் இதுபோன்ற ஆவிகள் எல்லாம் வரிசையாக நிற்கும். மோடம், போர்ட் என்ற இரு தலைப்புகளிலும் உள்ளவற்றை முழுவதுமாக நீக்கிவிட்டு, வழக்கம்போல எழும்பி மீண்டும் கண்டறிய விடுங்கள். நான் ஒரு கணினியில் ஒரே மவுஸின் ஐந்து ஆவிகளைக் கண்டிருக்கிறேன். யாரோ ஐந்து முறை அதே மவுஸை நிறுவியிருந்தார்கள்.

பிப்ரவரி 9, இரவு

முகவரியைப் பற்றி எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். மவுஸைப் பிஎஸ்/2 என்ற தனி இணைப்புக்கு மாற்றிவிட்டுக் காம் 1-ஐயும் முடக்கிவிடலாம் என்று யாரேனும் நினைத்தால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டாஸுக்குள், நினைவகத்தையும் போர்ட்களையும் நேரடியாகப் பார்க்க உதவும் டீபக் நிரலைத் தொடங்கி டி 40:0 என்று அடித்தால் முதல் எட்டு பைட்களில் நான்கு போர்ட் முகவரிகள் தெரியும். ஒவ்வொன்றிலும் பின்பாதி முன்னால் வரும், அதாவது 3எஃப்8 என்பது எஃப்8 03 என்று காட்சி தரும். எழும்பும் நேரத்தில் பயாஸ் ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்த்து, பதில் வந்தவற்றை இடைவெளி விடாமல் இந்தப் பட்டியலில் வரிசையாக அடுக்குகிறது. 3எஃப்8-இல் யாரும் இல்லாவிட்டால் 2எஃப்8 முதல் இடத்துக்கு வந்துவிடும். அப்போது டாஸுக்குக் காம் 1 என்பது 2எஃப்8. விண்டோஸ் 95-ஓ முகவரியைப் பார்த்துப் பெயரிடுவதால் அதையே காம் 2 என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஒரே மோடத்துக்கு ஒரே கணினியில் இரண்டு பெயர்கள். இது தெரியாமல் நான் இரண்டு இரவுகள் காம் 2-க்கு எக்கோ அனுப்பிக்கொண்டே இருந்தேன். மோடம் காம் 1 என்ற பெயரில் அமைதியாகக் காத்திருந்தது.

ஆகவே 6-ஆம் தேதி நான் சொன்ன எக்கோ சோதனை பொருந்துவது, காம் 1 உயிரோடு இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே. மற்றவர்கள் முதலில் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு எக்கோவுக்குப் போகட்டும்.

பிப்ரவரி 10

கோப்பு பெரிதாக இருந்தால் நடுவில் சில எழுத்துகள் காணாமல் போவது மோதலா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அது தாமதம். வெளி மோடம் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நேரும்.

சீரியல் சிப்பின் படிகம் 1.8432 மெகாஹெர்ட்ஸ், அதை 16-ஆல் வகுத்தால் 115200, அதுவே இந்தப் போர்ட்களின் உச்ச வேகம். ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்களையும் சேர்த்து 10 பிட்கள் என்றால் நொடிக்கு 11520 பைட்கள். 8250, 16450 சிப்கள் வந்த ஒரு பைட்டைத்தான் பிடித்து வைக்கும். செயலி ஏறத்தாழ 87 மைக்ரோநொடிக்குள் அதை எடுக்காவிட்டால் அடுத்தது வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். 16550ஏ சிப்பில் 16 பைட்களுக்கு வரிசை இருக்கிறது. அதற்கு முன் வந்த 16550-இலும் வரிசை இருந்தது, ஆனால் ஒழுங்காக வேலை செய்யவில்லை. அந்த ஏ என்ற எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

எந்தச் சிப் என்று அறிய, நேரடி டாஸில் டீபக்குக்குள் ஓ 2எஃப்ஏ 1 என்று எழுதி, ஐ 2எஃப்ஏ என்று படியுங்கள். சி1 வந்தால் வரிசை வேலை செய்கிறது. 01 வந்தால் பழைய சிப். விண்டோஸுக்குள் உள்ள டாஸ் சாளரத்தில் இதைச் செய்யாதீர்கள், அங்கே போர்ட்டுக்கும் நமக்கும் நடுவில் விண்டோஸ் நின்றுகொண்டிருக்கும். சோதனை முடிந்ததும் ஓ 2எஃப்ஏ 0 என்று திருப்பி வையுங்கள்.

பிப்ரவரி 12, காலை

நேற்றிரவு மறுபடியும் மவுஸ் உறைந்தது என்கிறீர்கள். ஜம்பரை யாரும் தொடவில்லை, கணினியை மின்சாரத்திலிருந்து கழற்றி இடம் மாற்றியது மட்டும்தான் நடந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பயாஸுக்குள் போய் இரண்டாவது சீரியல் போர்ட் என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

பிப்ரவரி 12, பிற்பகல்

ஆட்டோ என்று இருக்கிறது. ஐஆர்க்யூ 3-உம் பிசிஐ பக்கம் போய்விட்டது. நாம் மாற்றியவை எல்லாம் அழிந்திருக்கின்றன.

உங்கள் முதல் கேள்வியை மறுபடி படித்தேன். கோப்புகளின் தேதி தாறுமாறாக இருக்கிறது, அது வேறு சிக்கல் என்று எழுதியிருந்தீர்கள்; நானும் அதை வேறு சிக்கல் என்றே கடந்து போய்விட்டேன். அந்தத் தேதி 1980 ஜனவரியா?

பிப்ரவரி 12, இரவு

1980 ஜனவரி 1 தான். கடிகாரத்திடமிருந்து நம்பத்தக்க தேதி கிடைக்காதபோது டாஸ் அங்கிருந்துதான் நாளை எண்ணத் தொடங்கும். மதர்போர்டில் உள்ள மின்கலம் தீர்ந்துவிட்டது. பிளக்கைக் கழற்றும்போதெல்லாம் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்புகிறது. இனி சென்ற மாதம் நடந்ததை ஊகிக்கலாம். உங்கள் மோடம் பல ஆண்டுகளாகக் காம் 2-இல்தான் இருந்திருக்கும், மதர்போர்டின் காம் 2-ஐ யாரோ கவனமாக முடக்கி வைத்திருப்பார்கள். மின்கலம் தீர்ந்ததும் அந்த முடக்கம் அழிந்து இரண்டு காம் 2-கள் முட்டிக்கொண்டன. பார்க்க வந்தவர் மோதலை மட்டும் கண்டு, மோடத்தைக் காம் 3-க்குத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் முதல் நாள் அதைக் காம் 4-க்குத் தள்ளச் சொன்னவன்.

காசு வடிவில் வெள்ளி நிறத்தில் இருந்தால் அது சிஆர்2032. ஓரத்தில் உள்ள கொக்கியை மெல்ல விலக்கினால் மேலே எழும்பும். கறுப்புச் செங்கல் போன்ற கட்டிக்குள் புதைந்திருந்தால், அது கடிகாரச் சிப்போடு சேர்த்து வார்க்கப்பட்டது, கட்டியையே மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் பயாஸின் எல்லாப் பக்கங்களையும், முக்கியமாக ஹார்ட் டிஸ்க்குக்கான எண்களையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 15

காசு வடிவம்தான் என்றும், மாற்றிவிட்டுக் கணினியை ஓர் இரவு முழுக்கப் பிளக்கிலிருந்து கழற்றியே வைத்துப் பார்த்ததில் அமைப்புகள் அழியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மின்கலத்தை எடுத்தபோது மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த பழைய தாள் ஒன்றைக் கண்டதாகவும், அதில் பென்சிலால் மோடம் 2எஃப்8, ஐஆர்க்யூ 3, போர்டு காம் 2 முடக்கம் என்று எழுதியிருந்ததாகவும் சொல்கிறீர்கள். அந்தத் தாளிலேயே கீழே நெட்வொர்க் கார்டையும், ஐஆர்க்யூ 3 லெகசி ஐஎஸ்ஏ என்பதையும், மின்கலம் மாற்றிய தேதியையும் எழுதிவிடுங்கள்.